விழுந்த பிறகு முறுக்கிய போல்ட்டுகள்

என் நண்பன் வண்டியிலிருந்து விழுந்த பிறகு, அந்த வண்டியின் போல்ட்டுகளை யாரும் பார்க்காமல் முறுக்கினேன். முந்தின நாளே முறுக்காமல் விட்டது கவனக்குறைவு. விழுந்த பிறகு முறுக்கியது துரோகம். இரண்டையும் செய்தவன் நான்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி, பம்பாய். எனக்கு மாட்டுங்காவில் வீடு, செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. அவனுக்குத் தாராவியில் தோல் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சேற்றுப் பந்தயத்துக்காக மாற்றி வைத்திருந்தோம். ஓட்டுவது அவன், பராமரிப்பது நான். மேடு பள்ளத்தில் குதிக்கும் வண்டியில் ஒவ்வொரு போல்ட்டும் தினமும் தளரப் பார்க்கும். அதனால் மரையைத் துடைத்து, குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, கடைசியில் அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சால் முடிப்பேன். முடித்ததும் என் தங்கையின் சிவப்பு நகப்பூச்சால் போல்ட்டின் தலையிலிருந்து அது உட்காரும் பாகம் வரை ஒரு கோடு போடுவேன். கோடு விலகாதவரை போல்ட் நகரவில்லை என்று அர்த்தம்.

"தங்கச்சி பாலிஷ தூக்கிட்டு வந்துட்டீரு. அடுத்து வண்டிக்கு மல்லிப்பூ வச்சு விடும் வே" என்று கேலி செய்வான். ஆனால் பட்டறைக்கு வந்த யாராவது கோடு போட்ட போல்ட்டைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவான். "அவரு கோடு கெடக்குல்லா? பொறவு என்னத்துக்குல தொட்டுப் பாக்க?"

அந்தச் சனிக்கிழமை புது ஹேண்டில் பார் மாட்டினேன். அதைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பை, வடாலாவில் லேத் வைத்திருந்த அவன் அக்கா புருஷன் கடைந்து கொடுத்திருந்தார். நான்கு போல்ட்டுகளையும் பார் ஆடாத அளவுக்கு மட்டும் ஒட்ட வைத்தேன். அன்று மாலை என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். நகப்பூச்சு அவளுக்கு வேண்டும். அதனால் கோடுகளை முதலில் போட்டுவிட்டேன். திரும்பி வந்து முறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். காலையில் மைதானத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் ஏற்கெனவே ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தான். நான் கை காட்டிக் கத்தினேன். அவனும் சிரித்துக்கொண்டே கை காட்டினான். அடுத்த மேட்டில் ஏறிக் குதித்து இறங்கியபோது ஹேண்டில் பார் முன்பக்கமாகச் சுழன்றது.

எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நான் வண்டியிடம் போனேன். போல்ட்டுகள் விரலுக்கே திரும்பின. பையிலிருந்த ஸ்பேனரால் நான்கையும் இறுக்கினேன். விலகிய கோடுகளை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

வலது முழங்கை நொறுங்கியிருந்தது. அது பிறகு மடங்கவே இல்லை. தோல் வெட்டும் கை. ஆஸ்பத்திரியில் அவனும், கிளாம்ப் கடைந்து கொடுத்த அவன் மச்சானும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நீர் இன்ஜினியர்லா, சொல்லும் வே. என்ன ஆச்சு?" என்றான் அவன்.

"போல்ட் எல்லாம் டைட்டாத்தான் இருந்தது" என்றேன்.

அவன் தன் மச்சானைப் பார்த்தான். "அப்ப ஓட்டையப் பெருசாக் கடஞ்சிட்டீரு."

"அளந்துதான் மாப்ள கடஞ்சேன்."

"அளந்த லட்சணம் தெரியுதுல்லா."

அன்றோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது. சில வருஷங்களுக்குப் பிறகு, அக்கா மகளின் நிக்காவுக்குக்கூடப் போகவில்லை என்று அவனே என்னிடம் சொன்னான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இன்னும் பல மாதங்களைக் கடத்தினேன்.

ஒருநாள் பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இடது கையால் கத்தியைக் கீழே வைத்தான். தன் முழங்கையைப் பற்றிப் பேசவே இல்லை.

"மச்சான் மௌத்தாயிட்டாரு வே. போன நோம்புல. மையத்து அடக்கத்துக்குக்கூட நான் போவல."

அவர் இறந்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது; பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரியும். இத எங்க அக்காட்ட வந்து சொல்லும்."

வடாலா வீட்டில் வாசற்படியில் நின்று அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் அழவில்லை. உள்ளே போய் ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். அதே கிளாம்ப். வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர்.

"சாப்புட உக்காந்தாலும் இத வச்சு அளந்துகிட்டுத்தான் கெடப்பாக. எல்லாம் சரியாத்தானே இருக்குன்னு நான் சொன்னா, 'இல்ல பிள்ள, எங்கயோ தப்பு பண்ணிருக்கேன், கண்ணுக்குத்தான் ஆம்புட மாட்டேங்கு'ம்பாக." என் கையில் வைத்தார். "இத நீங்களே கொண்டு போயிருங்க. அவுக இருக்கும்போது ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

தம்பியைப் பார்த்து, "நீ உள்ள வா" என்றார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவனால் முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். மடங்காத கை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது.

வழக்கம்போல ஸ்டேஷன் வரை என்னோடு வந்தான். ரயில் வந்ததும், "இனி பட்டறைக்கு வராதேயும் வே" என்றான்.

அப்போதும் பழைய உரிமையோடு 'வே' என்றுதான் சொன்னான். நான் பிறகு போகவில்லை.