கர்னல் நாற்காலி

சின்னதுரைக்குப் பழைய நாற்காலியைக் கண்டாலே குமட்டும். அதைச் சீர்செய்து புதுசாக்குவதுதான் அவர் பிழைப்பு என்பது வேறு விஷயம். பூனா கேம்ப்பில் பழைய மரச்சாமான் விற்கும் கடைக்காரர்கள் சரக்கு எடுக்கும் முன் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் முன்பக்கம் பார்ப்பதே இல்லை. முன்பக்கம் எல்லா நாற்காலியும் யோக்கியனைப் போலத்தான் நிற்கும். நேரே கவிழ்த்துப் போடுவார், மோந்து பார்ப்பார், ஆணியைத் தடவுவார், மூட்டுகளை ஆட்டுவார். பிறகு "பண்ணலாம்" என்பார், இல்லை "தள்ளிவிடு" என்பார். இருபத்தைந்து வருஷத்தில் அந்த அடிப்பக்கங்களில் அவர் பார்க்காத அசிங்கம் கிடையாது. மூட்டைப்பூச்சிக் கூட்டம், ஒட்டிக் காய்ந்த சூயிங்கம், எலிப்புழுக்கை. செல்லரித்த காலில் பட்டி அடைத்து மேலே பளபளவென்று பாலிஷ் பூசி வைத்திருக்கும் களவாணித்தனம் வேறு. நல்ல தேக்குக்கு நீல எனாமல் அடித்தவன் எதிரில் வந்தால் அவருக்குக் கை பரபரக்கும்.

ஆனால் கவிழ்த்துப் பார்க்காமலே அவர் இருபத்திரண்டு வருஷம் மனசுக்குள் வைத்திருந்த நாற்காலி ஒன்று உண்டு. கட்கியில், ராணுவ ஃபேக்டரித் தொழிலாளர் குடியிருப்பு லைனில், கிருஷ்ணஸ்வாமி வீட்டு நாற்காலி. லைனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளை அதில்தான் உட்காருவான். கிருஷ்ணஸ்வாமியின் அப்பா ஃபோர்மேனாக இருந்தவர். கன்டோன்மென்ட் பங்களா ஒன்றின் சாமான்களை ஐம்பத்தெட்டில் ஏலம் விட்டபோது எடுத்தது அது. கர்னல் உட்கார்ந்தது என்று பேர். கனத்த ஈட்டி மரம், பிரம்புப் பின்னல், அகலமான கைப்பிடி. இரவல் கொடுக்கும்போது மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குங்குமம் வைப்பார்கள். வழியில் தரையில் வைக்கக்கூடாது என்று இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு போவார்கள்.

எண்பத்தொன்றில் சின்னதுரைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவர் அம்மா சாந்தகுமாரி அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். கன்டோன்மென்ட் பங்களாக்களில் துரைமார் கழித்ததை வாளியில் அள்ளி, சட்டியைக் கழுவி வைத்து மகனை ஆளாக்கியவர் அவர். ஃப்ளஷ் வந்தபிறகுதான் அந்த வாளி கையை விட்டது. கிருஷ்ணஸ்வாமி வாசலுக்கே வந்து பதில் சொன்னார்.

"நீ செஞ்ச வேல இன்னான்னு உனக்கே தெரியும். உன் புள்ள உக்காந்து எழுந்துட்டா, அப்பறம் அதுல எங்க புள்ளைங்கள எப்படி உக்கார வெக்கிறது?"

சின்னதுரை பந்தல் போடும் மண்டப்வாலாவிடம் வாடகைக்கு எடுத்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கல்யாணம் பண்ணிக்கொண்டார். அது உட்கார்ந்த இடத்தில் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. சாந்தகுமாரி தொண்ணூற்றாறில் போய்ச் சேர்ந்தார். அதுவரை அந்த வீட்டுப் பக்கம் அவர் நடக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் தை பிறந்ததும் கிருஷ்ணஸ்வாமியே ஆள் அனுப்பினார். அவர் மகன் பாஸ்கர் விஷ்ராந்த்வாடியில் ஃப்ளாட் வாங்கியிருந்தான். குடும்பமே அங்கே மாறுகிறது. மருமகள் கிரிஜா நாற்காலியை விற்றுவிடலாம் என்கிறாள். கிழவர் பிரம்பு மாற்றிப் பாலிஷ் போட்டு ஹாலில் வைக்க வேண்டும் என்கிறார். சின்னதுரை பார்த்துச் சொன்னால் அதுதான் முடிவு என்று இருவரும் ஒப்புக்கொண்டார்களாம்.

சின்னதுரையின் மகள் அகல்யாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தளேகாவில் கம்பெனி வேலை. கிளம்பும்போது மனைவி மல்லிகா படியில் நின்று சொன்னாள்: "இந்தத் தபா கேட்டுட்டு வாங்க. நம்ம மாப்பிள்ளையும் அதுல உக்காரணும். நாலு பேர் பாக்கணும்."

அந்த வீட்டில் கிழவருக்கும் மருமகளுக்கும் பீங்கான் கோப்பையில் டீ வந்தது. சின்னதுரைக்குப் பிளாஸ்டிக் கப்பில். குடித்ததும் தூக்கி எறியத் தோதாக. இருந்தாலும் அவர் குடித்தார். காரியம் ஆக வேண்டுமே.

"ஏகதம் புச்சா, கடையிலருந்து வந்தாப்ல பண்ணிக் குடுத்துடு சின்னதுர," என்றார் கிருஷ்ணஸ்வாமி. "உன் பொண்ணு கல்யாணத்துக்கும் எடுத்துக்கோ. காலம் மாறிப் போச்சில்ல. இப்பல்லாம் யாரு பாக்கறாங்க."

கேட்காமலே கிடைத்துவிட்டது. சின்னதுரைக்கு நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்ததே என்று அடுத்த நொடியே தன்மேல் அருவருப்பு வந்தது. அம்மாவை வாசலோடு அனுப்பியவன் வீசியதை இப்படியா இரண்டு கையாலும் ஏந்துவது? ஆனாலும் மல்லிகாவின் முகம் நினைவுக்கு வந்தது. "சரிங்க சார்," என்று சொல்லிவிட்டு நாற்காலியைக் கவிழ்த்தார்.

முதலில் சந்தேகம் தட்டியது உயரத்தில். உட்காரும் இடத்துக்குக் கீழே நாலு பக்கமும் ஒரு சாண் இறக்கத்துக்குப் பலகை ஓடியது. நாற்காலிக்கு எதற்கு அத்தனை ஆழம்? அடியில் மட்டமான பலகை ஒன்றைக் குறுக்கே வைத்து அடித்திருந்தார்கள். ஃபேக்டரிப் பெட்டிப் பலகை. மங்கிய எண் முத்திரை இன்னும் தெரிந்தது. குறடால் நாலு ஆணியையும் பிடுங்கிப் பலகையை எடுத்தார்.

கரப்பான்கள் சிதறி ஓடின. உள்ளே வட்டமாக ஒரு ஓட்டை. விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. அதன் கீழே, சட்டியை வைத்து எடுக்க இரண்டு பக்கமும் சட்டம். சட்டத்தின் மேல் கறுத்துப்போன வட்டக் கறை. மேலே இருந்த பிரம்புப் பின்னல் ஓட்டையை மூடும் வெறும் மூடி. கையால் தூக்கினால் தனியாக வந்தது. நாற்பத்தைந்து வருஷம் அடைபட்டுக் கிடந்த முடை ஒன்று மெல்ல மேலே எழும்பியது. சின்னதுரை மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கர்னல் உட்கார்ந்தது நிஜம்தான். காலைக்கடனுக்கு உட்கார்ந்திருக்கிறார். லைனில் இருக்கும் அத்தனை மாப்பிள்ளைகளும் பட்டு வேட்டியும் மாலையுமாக அந்தக் கக்கூஸ் பீடத்தில் உட்கார்ந்து ஆரத்தி வாங்கியிருக்கிறார்கள். இதற்குத் தீட்டுப் பட்டுவிடும் என்றுதான் அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். பலகையை அடித்த மனுஷன் ஓட்டையைப் பார்க்காமல் அடித்திருக்க முடியாது என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இன்னா, பண்ணலாமா?" என்றார் கிழவர் சோபாவிலிருந்து. கிரிஜா போனில் யாரிடமோ மராத்தியில் பேசிக்கொண்டிருந்தாள்.

பலகையை மறுபடி அடித்துவிட்டுப் பண்ணலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு ஈக்குக்கூடத் தெரியாது. அகல்யா கல்யாணத்தில் கர்னல் நாற்காலி வரும், மல்லிகா நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்பாள். சின்னதுரை ஆணியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். தன் மருமகனை அந்த ஓட்டையின் மேல் மாலையோடு நினைத்துப் பார்த்தார். ஆணி கையிலிருந்து நழுவியது.

"இங்க வந்து பாருங்க சார்," என்றார். "இது கக்கூஸ் நாற்காலி. மரம் நல்ல மரம், பூச்சி இறங்கல. உள்ளத உள்ளபடி சொல்லி வித்தா இதுக்குன்னே வாங்கறவங்க கேம்ப்புக்கு வர்றாங்க, நல்ல வெல போகும். ஓட்டைய அடச்சுப் புதுசு பண்ணினா விறகு வெலதான். வித்துத் தள்ளிவிடுங்க."

கிரிஜா எட்டிப் பார்த்தாள். போனை வைத்தாள். "சீ! எங்க கல்யாணத்துல அவர் இதுலதானே மாமா உக்காந்தாரு!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள்.

கிழவர் முகம் சாம்பலாகிவிட்டது. "அடிப்பக்கம் யாரையும் பாக்க விடாதேன்னு அப்பா சாகறப்ப சொன்னாரு," என்றார். "ஏன்னு நான் கேக்கல." பிறகு ஜன்னலைப் பார்த்தார். கடைக்காரன் வந்து தூக்கிப் போனால் லைன் முழுக்கக் கேட்கும், கடையிலே கக்கூஸ் நாற்காலி என்று பேர் எழுதி வைப்பான் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, சின்னதுரையின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாதப்பா. விக்கவும் வாணாம். நீயே எடுத்துக்கினு போயிடு. சும்மாவே எடுத்துக்கோ. உங்க ஊட்டுக்குன்னா ஆகும்."

அவர் அதைத் தாராளமாகத்தான் சொன்னார். அதுதான் சின்னதுரையால் தாங்க முடியவில்லை. சுத்தமாக இருந்தவரை வாசலைத் தாண்டாத நாற்காலி, நாறியதும் அவர் வீட்டுக்கு ஆகிவிட்டது.

அவர் குறடைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எங்கம்மா இத இருவது வருஷம் கழுவினது போதும் சார்," என்றார். "இனிமே நீங்க கழுவுங்க."