வியர்க்காத ஜெயராணி

பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஜெயராணிக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை இராமநாதனைத் தராசில் ஏற்றினால் மீசை மட்டும்தான் எடை காட்டும் என்று அவர் காதுபடவே சொல்லுவாள். அப்பேர்ப்பட்டவள் அடங்கிப்போகிற விஷயம் ஒன்று உண்டு. காலையில் குடித்த, பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியோடு சரி. வேலை முடியும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். மலையில் கக்கூஸ் கிடையாது. தேயிலைக்குள் ஒதுங்கினாலோ, அட்டை கடித்த இடத்தை டாக்டரிடம்கூடக் காட்ட முடியாது.

போன மாசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கென்று சஞ்சீவனி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பெண்களின் கைகளில் பிளாஸ்டர் மாதிரி ஒன்றை ஒட்டினாள். அது வியர்வையை உறிஞ்சி நிறம் மாறுமாம், உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் எவ்வளவு போகிறது என்று காட்டுமாம். மத்தியானத்துக்குள் எல்லோருடையதும் நீலமானது. ஜெயராணியுடையது மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"நம்ம ஒடம்பு இரும்புடி!" என்று பீற்றிக்கொண்டாள். மறுநாள் சஞ்சீவனி வேறொன்றை ஒட்டினாள். அதுவும் மாறவில்லை.

"அக்கா, வேர்க்கிறதுக்கே உங்கட உடம்பில தண்ணி இல்லை. இப்பிடியே விட்டா கிட்னி பழுதாகிடும். இந்தப் போத்தல் தண்ணியைக் குடியுங்கோ."

ஜெயராணிக்குப் பகீரென்றது. அவளுடைய அக்கா கிட்னியில்தான் போய்ச் சேர்ந்தாள். போத்தலை ஒரே மூச்சில் காலி செய்தாள். வெயில் ஏற, பிளாஸ்டரும் நீலமானது. கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினாள். அங்கிருந்த கக்கூஸில் பூட்டுத் தொங்கியது. சாவி இராமநாதனிடம்.

"அது ஸ்டாஃபுக்கு," என்றார் அவர்.

"தொறக்கிறீங்களா, இல்ல ஒங்க கதிரையில ஒக்காரவா?"

பதறிப்போய்த் திறந்துவிட்டார்.

அவள் வெளியே வரும்போது, பின்னாலேயே ஓடிவந்த சஞ்சீவனி வாசலில் நின்றாள். கையைப் பிடித்துப் பிளாஸ்டரைப் பார்த்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வடிவா வேலை செய்யுது! இனி ஒவ்வொரு நாளும் இப்பிடிக் குடிக்கவேணும், அக்கா."

"குடிக்கிறேன் மிஸ். சாவிய எங்ககிட்ட குடுக்கச் சொல்லுங்க."

"இன்னைக்கு மட்டுந்தான்," என்று இராமநாதன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சஞ்சீவனி கொப்பியைத் திறந்து பிளாஸ்டரின் நிறத்தைக் குறித்துக்கொண்டாள்.

ஜெயராணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. கையிலிருந்ததைப் பிய்த்தெடுத்து, இராமநாதனின் சட்டைப்பையிலேயே பட்டென்று ஒட்டினாள்.

"நீங்களே வச்சிக்கிங்க, ஐயா. கக்கூஸ் இருக்கவங்கதான் வேர்க்கணும்."