மடியில் வந்த பை

குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில், நின்றுகொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி என்னைக் கேட்காமலேயே தன் பையை என் மடியில் வைத்தாள். உள்ளிருந்து எலுமிச்சை ஊறுகாய் வாசனை குப்பென்று வந்தது.

நான் ஆறாம் வகுப்பு சேர்ந்த வருடம்தான் எங்கள் காலனிக்குள்ளும் பஸ் வரவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதுவரை ஊரோடு நின்று திரும்பிப்போன பஸ், எங்கள் தெருவிலிருந்தே புறப்பட ஆரம்பித்தது. நாங்கள் முதலில் ஏறி ஜம்மென்று உட்கார்ந்துவிடுவோம். அடுத்து ஏறும் ஊர்ப் பிள்ளைகளோ எங்கள் பக்கத்தில் இடம் கிடந்தாலும் உட்காராமல், தென்காசி வரைக்கும் நின்றே வருவார்கள். பையைக்கூடத் தரமாட்டார்கள். அதற்குள் சோறு இருக்கிறதே.

ஒரு சாரல் நாளில், என் வகுப்பு செல்வி கம்பியைப் பிடிக்க முடியாமல் பையை என் மடியில் போட்டாள். டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாய் எண்ணெய் கசிந்து என் பாவாடையில் இறங்கியது.

"ஏட்டி, அங்கனயா குடுத்த? திருப்பி வாங்கு," என்று அவள் அக்கா அதட்டினாள்.

"கை வலிக்குல்லா. நீ வச்சிக்கிடுதியா?" என்றாள் செல்வி.

அக்காவின் தோளிலும் ஒரு பை தொங்கியது. நான் ஜன்னலோரம் நகர்ந்தேன். செல்வி உட்கார்ந்தாள். மறுவாரம் அந்த அக்காவின் பையும் என் மடிக்கு வந்தது.

குற்றாலத்தில் அந்தப் பள்ளிக்கூடப் பெண் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எந்தத் தெரு என்று கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும்.