பழைய கூரைக்கு ஒரு பாதுகாப்பு மேற்பார்வையாளர்

நல்லதைச் சொல்லித் திட்டு வாங்குவதற்கு மாதச் சம்பளம் தருகிற வேலைக்குப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் என்று பெயர். வீட்டில் யாரையாவது ஹெல்மெட் போட வைக்கப் பார்த்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றித் தகரம் போடுகிற கான்டிராக்டரிடம் இருக்கிறேன். ராசிபுரம் பக்கம் ஒரே ஒரு விசைத்தறிப் பட்டறையில் நான் பட்ட பாடு இது.

சோதனை

ரங்கசாமி அண்ணன் எங்கள் மூத்த ஃபிட்டர். ஏணியில் நாலு படி ஏறினால் நின்று இருமுவார். "புகையிலைங்க அம்மணி" என்று பழியை அதன் தலையில் போட்டுவிடுவார். முகமூடி கொடுத்தால் நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொள்வார், கூலிங் கிளாஸ் மாதிரி.

முதல் நாள் விதிகளைப் படித்துக் காட்டினேன். "கையால் நசுக்கினால் பொடியாகிற பொருள் என்றால் ஆபத்து அதிகம். அந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கும். மூச்சில் போனால் நுரையீரலை விட்டு வெளியே வராது" என்றேன். பின்வரிசையில் நொறுக்கென்று ஒரு சத்தம். அண்ணன் பழைய ஷீட்டின் மூலையை ஒடித்து உள்ளங்கையில் வைத்து நசுக்கி, ஊதியும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செரிதானுங்க அம்மணி, பொடியாவுது!"

நனைக்காமல் நனைப்பது

ஷீட்டைக் கழற்றும் முன் தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். வயலுக்கு மருந்தடிக்கிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு ஆள் தயாராக நின்றார். பட்டறைக்காரர் பழனியப்பன் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். அவருடைய எட்டுத் தறியிலும் பாவு, அதாவது நெசவுக்கான நீளவாட்டு நூல், ஏறியிருந்தது. பாவு நூலில் கஞ்சி போட்டிருக்கிறது, நனைந்தால் போச்சு.

தறிகளுக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் கட்டித் தருகிறோம் என்று சொல்லி, கட்டியும் முடிக்க அரை நாள் ஆனது. அதற்கப்புறமும் அவருக்கு மனசு ஆறவில்லை. "ஏனுங்க, தூசி பட்டாத் தட்டி உட்டுக்கலாம். பாவு நனைஞ்சா உங்க சட்டம் வந்து நெசவு போடுமுங்களா?"

பார்சல்

கழற்றிய ஷீட்டை உடைக்காமல் இறக்கி, கெட்டியான பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, எச்சரிக்கை லேபிள் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். பழனியப்பனின் மனைவி சரோஜா அக்கா ஆட்டுக் கொட்டாய்க்கு நாலு ஷீட் கேட்டார். மறுபடி பயன்படுத்தவே கூடாது என்று மறுத்துவிட்டேன். இடுப்பில் கை வைத்து நாங்கள் கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கல்யாணப் பட்டுச்சேலையைக்கூட இத்தன பதனமாச் சுத்திக் குடுக்கலீங்க!"

வேலைச் சட்டை

வேலைச் சட்டை வீட்டுக்குப் போகக் கூடாது என்பதும் விதி. அண்ணன் அதே சட்டையோடு டிவிஎஸ்ஸைக் கிளப்பினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்றேன். "பேத்தி ஓடியாந்து தோள்ல ஏறிக்குவா" என்றார். "இந்தத் தூசியிலேதான் மூஞ்சியை வெச்சுக்குமா?" என்றேன்.

அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்த் தலையோடு குளித்தார். சட்டையை எங்கள் பையில் போட்டார். பழனியப்பன் கொடுத்த வேட்டியும் புதுத் துண்டுமாக, மாப்பிள்ளை மாதிரி வண்டியேறிப் போனார்.

மறுநாள் நான் போவதற்குள் முகமூடி மூக்கின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வருவதாகவும் தானாகவே சொன்னார். நம்ப முடியாமல், என்ன ஆச்சு என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு இத்தன வருசம் சொல்லிட்டேன் அம்மணி. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லத்தான் வாய் வரல."

முப்பது பக்க விதிமுறையை நான் தொண்டை வற்றப் படித்தும் ஷீட்டை நசுக்கி ஊதிப் பார்த்த மனுஷனை, அதில் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாத பிள்ளை திருத்திவிட்டது.