நாலு மைக் மிக்ஸரும் ஏரிக்கரையும்

என் மகள் வீட்டிலேயே பாட்டுப் பதிவு பண்ணப்போகிறாளாம். ஒரு வாரமாகச் செல்போனில் மூன்று மிக்ஸர்களின் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறாள். "விலையும் கட்டுப்படியாகணும், ரெக்கார்டிங்கும் சுத்தமா வரணும். எது வாங்கலாம், சொல்லுங்கப்பா" என்கிறாள். அட, என்னைப் போய்க் கேட்கிறாளே! நான் கத்தரிக்காய் வாங்கி வந்தாலே பாதி சொத்தை என்று வீட்டில் பெயர் எடுத்தவன். பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த என் அக்கா கன்னியம்மா நிமிர்ந்தாள். "அவனக் கேக்காத கண்ணு. முள்ளு ஆடுறதப் பார்த்தா மயங்கிடுவான்" என்றாள். நாற்பது வருஷம் ஆகிறது, இன்னும் மறக்கவில்லை பாருங்கள்!

மிக்ஸர் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு வாசனைதான். சூடேறிய ஆம்ப்ளிஃபயர் மேல் தூசி கருகுகிற வாசனை. அக்கா வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமாவின் சட்டையில் எந்நேரமும் அது அடிக்கும். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் கிராமத்துக்குப் போகிற சாலையில் எங்கள் ஊர். அங்கே மைக் செட் வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். கல்யாணம், காதுகுத்து, ஓட்டுப் பிரசாரம் எதுவானாலும் அவருடைய கூம்பு ஸ்பீக்கர் புளியமரத்தில் ஏறிவிடும்.

அவரிடம் ஒரு பழக்கம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று கேட்கவே மாட்டார். பாட்டைப் போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஏரிக்கரைக்கு நடப்பார். அரை மைல் இருக்கும். அங்கே நின்று கேட்டால்தான் திருப்தி. "கிட்ட நின்னு கேக்கறவன் பந்தியில மொத எலையில குந்துறவன் மச்சான். அவனுக்கு எல்லாம் கெடச்சுடும். கடைசி எலைக்கு இன்னா போவுதுன்னு பார்க்கணும்" என்பார். கூம்பு ஸ்பீக்கரில் கனத்த சத்தமெல்லாம் வழியிலேயே செத்துப்போகும், கூர்மையான சத்தம்தான் தூரம் போய்ச் சேரும். அதனால் ட்ரெபிள் குமிழை முழுக்க ஏற்றி, பேஸ் குமிழை அடியோடு இறக்கி வைப்பார்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அந்த மைக்கில் பாடுவது அக்கா. சும்மா சொல்லக்கூடாது, என்ன குரல் அது! வாத்தியார் வைத்துக் கற்றதில்லை, அவளாகவே கட்டிய பாட்டுகள். அப்படிப்பட்டவளுக்குத்தான் கழுத்தில் கட்டி வந்தது. மெட்ராஸ் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். உயிருக்குப் பயமில்லை, குரல் முன்போல் இருக்குமா என்றுதான் சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதுக்குள்ள அவ கொரலப் புடிச்சு வெச்சிடணும் மச்சான்" என்றார்.

நான் அப்போது யூனியன் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. சொந்தமாக ஒரு டேப் ரிக்கார்டர் உண்டு. தபால் வழியில் ரேடியோ மெக்கானிசம் படித்தவன் என்ற கர்வம் வேறு. ஒரே மைக்கை வைத்துப் பதிவு செய்து பார்த்தோம். பம்பைக்காரர் அங்கமுத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும் அக்கா குரல் காணாமல் போயிற்று. பம்பை இல்லாமல் பாடேன் என்றால், "பம்ப இல்லாம அம்மன் பாட்டா? அது உப்பில்லாத கூளு" என்று மறுத்துவிட்டாள். ஆளுக்கொரு மைக் வைத்து அளவாகக் கலந்து பதிய மிக்ஸர் வேண்டும். மாமா தன்னிடமிருந்த இரண்டு ஆம்ப்ளிஃபயரில் ஒன்றை விற்றார்.

மெட்ராஸ் ரிச்சி தெருக் கடைக்காரர் மூன்று மிக்ஸர்களை எடுத்து வைத்தார். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. விலையைக் கேட்டதும், அதைத் தொட்ட கையை மாமா வேட்டியில் துடைத்துக்கொண்டார். இரண்டாவது உள்ளூரில் செய்தது, குமிழ்கள் குறைவு, பார்க்க சோப்பு டப்பா மாதிரி இருந்தது. மூன்றாவதில் நாலு மைக்குக்கும் தனித்தனியாக ட்ரெபிள், பேஸ் குமிழ்கள். நடுவில் விளக்கு எரிகிற மீட்டர் ஒன்று, பேசினால் அதில் முள் ஆடியது. ஐயோ, நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

"டேப்ல பதியறதுக்குன்னா ரெண்டாவத எடுங்க சார். இது மைக் செட்காரங்க வாங்கறது" என்றார் கடைக்காரர்.

"விக்காத சரக்க நம்ம தலையில கட்டப் பாக்கறான்" என்று மாமா என் காதைக் கடித்தார். மூன்றாவதைக் கடை ஸ்பீக்கரில் இணைக்கச் சொல்லி, மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் பாட்டுக்குத் தெருமுனைக்கு நடந்துவிட்டார். கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நான் "ஹலோ, ஹலோ" என்று கத்த, போகிற வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். மாமா திரும்பி வந்து, "கணீர்னு கீது. இத்தயே கட்டுங்க" என்றார்.

மெட்ராசுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் பதிவு. நெல் மூட்டை அடுக்குகிற அறையில் கோணியைத் தொங்கவிட்டோம். வயல்களில் பம்ப்செட் ஓடினால் வோல்டேஜ் படுத்துவிடும், அதனால் அது நிற்கிறவரை காத்திருந்தோம். முதலில் குமிழ்களின் அளவு பார்க்க வேண்டுமே! அக்காவைக் கூம்பு ஸ்பீக்கரில் பாடவிட்டு மாமா ஏரிக்கரைக்குப் போனார். ஜன்னல் வழியாக அவர் தெரிவார். துண்டை வலப்பக்கம் வீசினால் ட்ரெபிளை ஏற்ற வேண்டும், இடப்பக்கம் வீசினால் இறக்க வேண்டும். அன்றைக்கு இடப்பக்கம் ஒரு தடவைகூட வீசவில்லை. திரும்பி வந்து ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, "கொமிழத் தொடாத மச்சான், அப்டியே பதி" என்றார். நானும் தொடவில்லை. முள் அழகாக ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பாட்டு முடிந்ததும் டேப்பை ஓட்டிக் கேட்டோம். தகர டப்பாவில் மணலைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருந்தது. ஊருக்கு வைக்கிற அளவு வேறு, டேப்புக்கு வைக்கிற அளவு வேறு என்று தபால் பாடத்தில் படித்தது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அங்கமுத்து பம்பையை எடுத்துக்கொண்டு நைசாக நழுவினார்.

"ஏன்யா, அதுக்குள்ள ஆபரேசன் ஆயிட்ச்சா?" என்றாள் அக்கா. ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை பாட அவள் தொண்டையில் தெம்பில்லை, விடிந்தால் பஸ். "எல்லாம் உங்களாலதான் மாமா. கடைக்காரன் தலபாடா அடிச்சிக்கினான், கேட்டீங்களா?" என்று நான் கத்தினேன். என் பங்கைச் சாமர்த்தியமாக மறந்துவிட்டுத்தான் கத்தினேன்.

மாமா டேப்பை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார், மரத்தில் ஏறிக் கூம்பை ஏரிப் பக்கம் திருப்பினார். அக்காவைச் சைக்கிள் கேரியரில் உட்காரச் சொன்னார். "கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டுட்டு நீயும் வா" என்று என்னிடம் சொல்லிவிட்டு மிதித்தார். நான் பொத்தானை அழுத்திவிட்டு வரப்பு வழியாக ஓடினேன்.

பொழுது சாய்கிற நேரம். பாதி வழியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கரையில் போய் நின்றால், கோயில் மைக்கில் கேட்கிற அதே அக்கா! ஒரு பிசிறு இல்லை.

"யோவ், இது நானா?" என்றாள்.

"நீதான். ஊரு கேக்கறது இத்ததான்" என்றார் மாமா.

அவள் எப்போதும் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று பாடியவள் அல்லவா? தூரத்திலிருந்து தன் குரல் எப்படியிருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்தான் இறங்கிவிட்டது, பாட்டு ஏறவில்லை. "பேச்சு வந்திச்சே, உங்க மாமாவத் திட்ட அது போதும்" என்று அக்கா சிரித்தாள். ஒவ்வொரு ஆடியிலும் அந்தக் கேசட்டைக் கூம்பில் போடுவோம். கூழ் ஊற்றிக்கொண்டிருப்பவள் கரண்டியை யாரிடமாவது கொடுத்துவிட்டு மாமாவோடு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவாள். புருஷனும் பெண்டாட்டியும் அங்கே நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். நல்ல வருஷங்கள் அவை.

அப்புறம் சர்க்காரில் கூம்பு ஸ்பீக்கர் கூடாது என்றார்கள். ஆள் உயரப் பெட்டிகள் வந்தன. அதில் இந்தக் கேசட்டைப் போட்டால் காது கூசுகிறது என்று பையன்கள் நிறுத்திவிட்டார்கள். மாமாவும் போய்ச் சேர்ந்தார். மிக்ஸர் எந்தப் பழைய சாமான்காரனிடம் போனதோ, தெரியவில்லை.

போன மாதம் மகள் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீச்சை இறக்கி, கனம் சேர்த்துச் சரிசெய்திருந்தாள். இன்றைக்கு மிக்ஸர் பேச்சு வந்ததும் அதைப் போட்டாள். குரல் கூடத்தில் அருமையாக நிறைந்தது. அக்கா கையில் மொச்சையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் கீது. யாரு கண்ணு பாடறது?"

"நீங்கதான் அத்தை!"

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டே தெருமுனை வரைக்கும் நடந்தாள். "சத்தத்த முழுசா வைம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு நான் வாசலில் நின்று பார்த்தேன். மோட்டார் சைக்கிள்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. இந்தப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு பாட்டு முடிகிறவரை நின்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து முறத்தை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"அங்க வர்ல தம்பி" என்றாள்.