படவில்லை என்று சொன்னேன்

வேட்டை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வன்னிக் காட்டிலிருந்து வரும் மரை இறைச்சி வத்தலைப் பொரித்துத் தின்றது மட்டும்தான். சிட்னித் தொழிற்சாலையின் தேநீர் இடைவேளையில் அதை அப்படியே சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? ஊரில் காடு முழுக்க என் காலடியில் கிடந்ததுபோல் அளந்துவிட்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அந்த இடத்தில் நான் ஒருவன்தான் கறுப்பன். எதிலாவது ஒன்றில் பெரியவனாகத் தெரிய வேண்டியிருந்தது.

கேட்டவர்களில் ஒருவர் நம்பிவிட்டார். அவர் எங்கள் மூத்த ஃபிட்டர். நார்த்மீட்டில் எங்களுக்கு வாடகை வீடு பிடித்துத் தந்தவர். நான் கார் வாங்கும்வரை தினமும் ஏற்றி இறக்கியவர். ஏப்ரல் மாதம், மான்கள் இணைசேரும் காலம், நீயும் வா என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நானும் போனேன்.

தெற்கே மூன்று மணிநேரத் தொலைவில் ஒரு செம்மறிப் பண்ணை. அவருடைய தகப்பன் காலத்திலிருந்தே அங்கே சுட அவர்களுக்கு அனுமதி. வருடம் முழுக்க அவர் காத்திருப்பது அந்த ஒரு பயணத்துக்குத்தான். பண்ணைக்காரர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: காயம்பட்ட மிருகத்தை விட்டுவிட்டுப் போகக்கூடாது, தேடிப்போய் முடிக்க வேண்டும். அதை ஃபிட்டர் காரில் இரண்டு தரம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரம் தன்னுடைய இரண்டாவது துவக்கை என்னிடம் தந்து, விழுந்த மரமொன்றின் பின்னால் என்னை இருத்திவிட்டு, அவர் அடுத்த மேட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் குறட்டை விடுவதுபோல் ஒரு சத்தம். ஆண்மான் ஒன்று பெண்மானைச் சுற்றிச் சுற்றி வந்தது. நாள்கணக்காக மேயாமல் விலா எலும்பு தெரிந்தது. அதன் மூத்திர வாடை என்வரை வந்தது. என்னைப் பார்த்தது. மற்றக் காலமென்றால் பறந்திருக்கும். இப்போது அதற்கு நான் ஒரு பொருட்டே இல்லை. அப்படிப் புத்தி மயங்கி நின்றதைத்தான் சுட்டேன். வயிற்றில் பட்டது. முதுகைக் கூனிக்கொண்டு, ஓடாமல், மெல்ல நடந்து பள்ளத்துக்குள் இறங்கியது.

அவர் மூச்சிரைக்க ஓடிவந்து, பட்டதா என்று கேட்டார். புல்லில் கிடந்த இரத்தத்தின்மேல் என் சப்பாத்துக் கால் நின்றது. படவில்லை என்றேன். குறி தவறினவனைக் கேலி செய்வார்கள், அதைத் தாங்கலாம். பட்டது என்றால் அந்தப் பள்ளத்தில் இறங்கி, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு வெடி வைக்க வேண்டும். எனக்குப் பயம். அவ்வளவுதான், வேறு காரணம் கிடையாது. அவர் என் தோளில் தட்டினார். மான்கள் கலைந்துவிட்டதால் அவர் ஒரு வெடிகூட வைக்காமலே திரும்பினோம்.

வீட்டில் மனைவி என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஒண்டும் கிடைக்கேல்லையே?"

"இல்லையப்பா, தப்பிட்டுது."

"நல்லதாப் போச்சு. உங்கட கையால ஒரு உயிர் போகேல்லை, முருகா!"

சந்தோஷத்தில் குசினிக்குள் போய், எனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்கித் தந்தாள். இரண்டாம் தரமும் சோறு கேட்டுச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வியாழக்கிழமை ஃபிட்டர், நான் வேலை செய்யும் வரைபட அறைக்குள் என் மேசைக்கு வந்தார். பண்ணைக்காரர் அவருக்குத் தகவல் அனுப்பியிருந்தார். பள்ளத்தின் அடியில் ஓர் ஆண்மான், வயிற்றுக் காயம் நிறையப் புழு, மூன்றாம் நாளும் உயிரோடு கிடந்ததாம். பண்ணைக்காரரே சுட்டு முடித்துவிட்டு, யாருடைய வேலை என்று கேட்கிறாராம்.

"நீ சுட்டது படவில்லைதானே?" என்றார் ஃபிட்டர்.

குரலில் கோபம் இல்லை. அன்று அவருடைய துவக்கு வெடிக்கவே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டார்.

"படவில்லை" என்றேன்.

அந்த அறையின் தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது. அதிலேயே அவர் பண்ணைக்காரரை அழைத்தார். அது தன்னுடைய குண்டு, கூட வந்தவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். இனி என் பண்ணைப் படலைக்குள் கால் வைக்காதே என்று மறுமுனையில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவர் ஊன்றிக்கொள்ள இடம் தேடி ஒரு கையை மேசைப் பக்கம் நீட்டினார். நான் என் வரைபடங்களை ஒதுக்கி இடம் கொடுத்தேன்.