செருப்பு விளம்பரத்தில் நடந்த ஆள்

சென்னையில் விளம்பரப் படம் எடுக்கும் ஒருவரிடம் நான் உதவி ஓவியனாக இருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு செருப்புக் கம்பெனிக்காகச் சின்னதாக ஒரு கார்ட்டூன் வேலை வந்தது. ஒரு ஆள் ஊரெல்லாம் நடக்கிறான், செருப்பு மட்டும் தேய்வதில்லை. அவ்வளவுதான் கதை. தியேட்டரில் ஒரு நிமிஷம்கூட ஓடாது, ஆனால் தீபாவளிப் படங்களோடு போயாக வேண்டும். என்னோடு வரைய வேண்டியவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். அந்த ஒரு நிமிஷத்துக்கே கட்டுக் கட்டாக வரைய வேண்டும். தாள்களைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன். அண்ணியை நம்பித்தான்.

அண்ணனின் தறிக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைவது அண்ணிதான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "நிக்கற மயில்தான் போட்டிருக்கேன். நடக்க வெச்சதில்லையேபா" என்றார். ஆனாலும் மறுநாள் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி இரண்டு முக்காலிகளின் மேல் வைத்து, அடியில் பல்பு எரியவிட்டோம். அடித்தாளின் கோடு மேல்தாளில் தெரியும். அதிலிருந்து துளி நகர்த்தி அடுத்ததை வரைய வேண்டும். பிறகு கட்டாகப் பிடித்துச் சரசரவென்று புரட்டினால் படம் அசையும். என் ஆள் அசைந்தான், நடக்கத்தான் இல்லை. மரப்பொம்மையை யாரோ தள்ளிக்கொண்டு போவது போல இருந்தது. நாள் கரைந்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் அண்ணி பென்சிலை வாங்கி, தானாகவே ஒரு வரிசை போட்டார். வலது தோள் தாழ்கிறது, ஒரு கணம் நிதானிக்கிறது, பிறகு இடது காலில் சின்னதாக ஒரு எம்பல். புரட்டிப் பார்த்தேன். தாளில் ஒருவர் நடந்து போனார்.

யார் என்று இருவருக்குமே தெரிந்தது. அண்ணனுக்குச் சின்ன வயதில் காலில் வண்டிச் சக்கரம் ஏறி, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது.

"அண்ணி, இது அண்ணன்."

"எனக்குத் தெரிஞ்ச நடை அதுதான்பா."

அவரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். முடிந்த பிறகு காட்டலாம், சந்தோஷப்படுவார் என்றார் அண்ணி. அடுத்த அறையில் தறிச் சத்தம் நின்றால் தாள்களைக் கவிழ்த்து வைப்போம். அண்ணன் வருவார். வேலை ஆகுதா என்று கேட்பார். எங்கள் இருவருக்கும் கடையிலிருந்து காபி வாங்கிவந்து வைத்துவிட்டுப் போவார். அவர் திரும்பிப் போகும்போது எந்தக் காலில் பாரம் விழுகிறது, தோள் எப்போது ஏறுகிறது என்று பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வாங்கி வந்த காபி ஆறிப்போய்க் கிடக்கும்.

சென்னையில் முதலாளி புரட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் சிரிப்பு வரவில்லை, இன்னும் தூக்கலாக வேண்டும் என்றார். காமிராவுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. ஊருக்குப் போய் அண்ணியைக் கேட்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடை என்பது திரும்பத் திரும்ப ஓடும் ஒரே வரிசை. அதை மட்டும் மாற்றினால் போதும். தோளை முழங்கால் வரை இறக்கினேன். எம்பலைத் தவளைத் தாவலாக்கினேன். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டேன். யாரை வைத்து விளையாடுகிறேன் என்பது வரையும்போதே தெரியும். முதலாளி வாய்விட்டுச் சிரித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

தீபாவளிக்கு அண்ணன் புதுச் சட்டையோடு எங்களோடு அக்கம்பக்கத்து வீட்டாரையும் சேர்த்துத் தியேட்டருக்கு அழைத்துப்போனார். தம்பி போட்ட படம் வருது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த ஆள் திரையில் முதல் அடி வைத்ததுமே அண்ணி என் பக்கம் திரும்பினார். தியேட்டர் சிரித்தது. பின்னாலிருந்து எங்கள் தெருக்காரர் ஒருவர் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சிரிப்பு இன்னும் கூடியது. அண்ணனும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். படம் விட்டதும் கூட்டம் கலையட்டும் என்று சுவரோரமாக நின்றார்.

மறுநாள் காலை என்னிடம் வந்து, "அவ போட்டாளா, நீ போட்டியா?" என்று கேட்டார்.

நான் பெட்டியிலிருந்து அண்ணியின் பென்சில் தாள்களை எடுத்துவந்து அவர் முன்னால் புரட்டினேன். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். "இது அவ கை" என்றார். "அந்தத் தவளை?"

"நான்தாண்ணே. சிரிப்பு வரணும்னு சொன்னாங்க."

"வந்துச்சே" என்றார்.

குரலில் கோபம் இல்லை. மன்னிச்சிடுண்ணே என்றதற்கு, விடுபா என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார்.

அந்த விளம்பரம் மாதக்கணக்கில் ஓடியது. அதுவரை யாரும் பெரிதுபடுத்தாத ஒரு நடையைத் தெருப் பிள்ளைகள் நடித்துக் காட்டத் தொடங்கினார்கள். வைகாசி கருட சேவைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக ஓடுகிற அண்ணன், அடுத்த வருஷம் அவசர வேலை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். எனக்கோ அந்த நடையால் அடுத்தடுத்து வேலை வந்தது. அடுத்த படத்துக்கு அண்ணியைக் கூப்பிட்டேன். முகூர்த்தப் புடவை வேலை நிறைய இருக்குதுபா என்றார். அது உண்மைதான். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

சில வருஷம் கழித்து வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்கு அண்ணனும் நானும் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேட்டியைச் சரிசெய்தபடி நின்றார்.

"நீ முன்னாடி போபா. நான் வரேன்."

சேர்ந்தே போகலாமே என்றேன். போ என்று கையைக் காட்டினார்.

நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தமே கேட்கவில்லை. நான் தெருமுனை திரும்பும் வரைக்கும் அவர் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.